மச்சாளின் கழகம் முதலாம் பிரிவில் ஆடிய வருடம்

என் கணவரின் அக்கா, என் மச்சாள், ஜேர்மனியிலிருந்து மெல்பேர்ணுக்கு வர விமானச் சீட்டு எடுத்தது பங்குனி மாதம். அவருடைய ஊரின் உதைபந்தாட்டக் கழகம் முதலாம் பிரிவுக்கு ஏறியது வைகாசி மாதம். இந்த இரண்டும் இந்த வரிசையில் நடந்ததுதான் அந்த வருடம் எங்கள் வீடு பட்ட பாட்டுக்கெல்லாம் காரணம்.

அது சின்ன ஊர், கழகமும் சின்னது. மச்சாள் அங்கே குடியேறிய காலத்திலிருந்து அது இரண்டாம் பிரிவிலும் மூன்றாம் பிரிவிலுமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நாட்டின் பெரிய கழகங்கள் ஆடும் முதலாம் பிரிவுக்கு ஒருநாள் போகும் என்று நம்பி, மச்சாள் முப்பது வருடத்துக்கு மேலாகச் சனிக்கிழமைகளில் மழையிலும் பனியிலும் நின்றிருக்கிறார். கடைசியில் அது அந்த வருடம் பார்த்து, அவர் எங்களோடு பத்து மாதம் தங்க ஒப்புக்கொண்டு, சீட்டும் எடுத்து, நாங்கள் அவருக்கென்று அறைக்கு நிறமும் அடித்து முடித்த பிறகு, முதலாம் பிரிவுக்கு ஏறியது.

"சீட்டை மாத்தேலாதாம் தம்பி," என்று தொலைபேசியில் என் கணவரிடம் சொன்னார். குரல் செத்த வீட்டிலிருந்து வருவதுபோல் இருந்தது.

"அக்கா, ஒரு பந்து விளையாட்டுக்காக என்னத்துக்கு இவ்வளவு கவலை?"

என் கணவர் கிரிக்கெட் ஆள். தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு விளங்க இன்னும் சில மாதங்கள் இருந்தன.

மச்சாள் ஆவணியில் வந்து இறங்கினார். விமான நிலையத்தில் கதவு திறந்ததும் முதலில் தெரிந்தது சேலைக்கு மேலே சுற்றியிருந்த சிவப்பும் கறுப்புமான கம்பளிச் சால்வைதான். மைதானத்தில் பக்கத்தில் நிற்கும் ஜேர்மன் பெண் ஒருத்தி கையால் பின்னிக்கொடுத்ததாம். என் மகளுக்குச் சொக்கலேட் கொண்டுவந்திருப்பார் என்று எதிர்பார்த்தோம். பெட்டியில் இருந்தது கழகத்தின் கொடி, கழகத்தின் தேநீர்க் கோப்பை, கழகத்தின் சின்னம் பொறித்த துவாய். சொக்கலேட்டும் இருந்தது; அதன் உறையிலும் கழகத்தின் சின்னம்தான்.

முதல் வாரமே நான் சட்டம் போட வேண்டி வந்தது. அங்கே சனி பிற்பகல் ஆட்டம் தொடங்கும்போது இங்கே நடுச்சாமம். மச்சாள் அதை நேரடியாகப் பார்த்தார். பார்த்தார் என்பதைவிட, பங்குபற்றினார் என்று சொல்லலாம். பக்கத்து வீட்டு நாய் தொடங்கி, தெருவில் இருந்த நாய்களெல்லாம் அவரோடு சேர்ந்துகொண்டன. காலையில் நான் குசினியில் வைத்து மெதுவாகச் சொன்னேன்.

"மச்சாள், ஞாயிறு காலமை பதிவைப் போட்டுப் பாப்பமே. எல்லாரும் இருந்து பாக்கலாம்."

"முடிவு தெரிஞ்ச பிறகு பாக்கிறதிலை என்ன இருக்கு?"

"முடிவு தெரியாமல் பாப்பம்."

"அப்ப வீட்டிலை ஒருத்தரும் போனைத் தொடக்கூடாது," என்றார்.

அப்படித்தான் அரிசி வாளிச் சட்டம் வந்தது. சனி இரவு படுக்கப் போகுமுன் வீட்டிலுள்ள எல்லாருடைய கைப்பேசிகளும் குசினியில் உள்ள அரிசி வாளிக்குள் போகும். ஞாயிறு காலை ஆட்டம் பார்த்து முடியும்வரை மூடி திறக்கப்படாது. என் மகளுக்குப் பதினைந்து வயது. கைப்பேசியை வாளிக்குள் வைக்கும்போது, "திஸ் இஸ் சைல்ட் அப்யூஸ், மாமி," என்றாள். மாமி அதற்கு ஜேர்மன் மொழியில் ஏதோ சொன்னார். இருவரும் ஒருவருக்கொருவர் விளங்காமல் நல்ல ஒற்றுமையாக இருந்தார்கள்.

ஒரு ஞாயிறு, என் கணவரின் வேலைத்தலத்து மேலாளர் மனைவியோடு காலைத் தேநீருக்கு வந்திருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போது எங்கள் அரிசி மணியடித்தது. நாங்கள் மூவரும் கேட்காததுபோல் இருந்தோம். அரிசி மறுபடியும் அடித்தது. மேலாளரின் மனைவி குசினிப் பக்கம் பார்த்துவிட்டு, இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டார்.

இத்தனை காவலும் எதற்கென்றால், தோல்வியைப் பார்ப்பதற்கு. மச்சாளின் கழகம் புரட்டாசியில் தோற்றது, ஐப்பசியிலும் தோற்றது. சில நாள் கெட்டித்தனமாக விளையாடித் தோற்றது; சில நாள் அந்தச் சிரமமும் படாமல் தோற்றது. பதினெட்டுக் கழகங்கள் உள்ள பட்டியலில் எங்கள் பெயரைத் தேட மேலிருந்து பார்க்கத் தேவையில்லை என்பதை நான் சீக்கிரமே கற்றுக்கொண்டேன். வருட முடிவில் கடைசி இரண்டு இடத்தில் இருப்பவர்கள் நேரே இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். கடைசியிலிருந்து மூன்றாவதாக வருபவர்களுக்கு மட்டும், கீழேயிருந்து வரும் ஒரு கழகத்தோடு இரண்டு ஆட்டம் ஆடித் தப்பிக்க ஒரு வாய்ப்பு உண்டு.

இவ்வளவு காலம் பார்த்தும் மச்சாளுக்கு ஆட்டத்தின் நுணுக்கம் ஒன்றும் தெரியாது என்பதை நான் இரண்டாவது ஞாயிறே கண்டுபிடித்தேன். அவர் ஆட்டக்காரர்களை முகத்தை வைத்துத்தான் எடைபோட்டார்.

"உந்தப் பிள்ளை காலமை சாப்பிடேல்லை," என்பார் இடதுபக்கப் பின்வரிசைக்காரனைக் காட்டி. "கன்னத்தைப் பாரும். ஆர் இவனுக்குச் சமைச்சுக் குடுக்கினமோ."

"ஓஃப் சைட் அக்கா, அதுதான் கோல் இல்லை எண்டவை," என்று என் கணவர் கைப்பேசியில் படித்து வைத்திருந்ததைச் சொல்வார்.

"அது நடுவருக்கு வீட்டிலை பிரச்சினை," என்பார் மச்சாள்.

பக்கத்து வீட்டுக்காரர் சென்னையிலிருந்து வந்தவர், கணினி வேலை. அவரும் ஜேர்மன் உதைபந்தாட்டம் பார்ப்பவர் என்பது தெரியவந்ததும் மச்சாளின் முகம் மலர்ந்தது. எந்தக் கழகம் என்று கேட்டார். ஒவ்வொரு வருடமும் வெற்றிக் கிண்ணத்தைத் தூக்கும் அந்தப் பெரிய கழகத்தின் பெயரை அவர் சொன்னதும் மலர்ந்த முகம் அப்படியே மூடிக்கொண்டது.

"அது ஒரு கழகமோ," என்றார் பிறகு வீட்டுக்குள் வந்து. "அது கொம்பனி."

அவர் நல்ல மனிதர். ஆனால் நடுச்சாமத்தில் விழித்திருந்து எல்லா முடிவையும் அறிந்துகொண்டு, ஞாயிறு காலை குப்பை வாளியை உருட்டிக்கொண்டு வருவார். மச்சாள் பூவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்பார். முதல் தடவை, "மூணு கோல் வாங்கிட்டீங்களே அக்கா," என்று துக்கம் விசாரித்தார். மச்சாள் தண்ணீர்க் குழாயை அவர் பக்கம் திருப்பாதது ஆண்டவன் செயல். நான் போய் அவருக்கு விடயத்தை விளக்கினேன். அவர் மிகவும் வருந்தினார். அடுத்த ஞாயிறு மிகக் கவனமாகப் பேசினார்.

"அக்கா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்க பாத்துட்டு வாங்க. ஆனா அந்தக் கோல்கீப்பர மட்டும் திட்டாதீங்க, பாவம்."

அதற்குப் பிறகு ஞாயிறு காலையில் எங்கள் பூக்களுக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு, ஆட்டம் முடிந்து, வழக்கம்போலத் தோற்று, வாளியிலிருந்து கைப்பேசிகளை எடுத்துக்கொண்டிருந்தபோது மச்சாள் சொன்னார்.

"கோயிலுக்குப் போவம். அர்ச்சனை செய்யோணும்."

"ஆருக்கு?"

"கழகத்துக்குத்தான். ஆனா கழகத்துக்கு நட்சத்திரம் எடுக்கேலாமல் கிடக்கு. தொடங்கின வருசம் தெரியும், நாள் தெரியாது. அதாலை பயிற்சியாளரின்ரை பேரிலை செய்வம். அவர் பிறந்த நாளும் ஊரும் இணையத்திலை கிடக்கு, நான் பாத்திட்டன்."

டண்டினோங்கில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து கேரம் டவுன்ஸ் கோயிலுக்குத் தூரம் இல்லை. என் கணவர் வாகனத்தை நிறுத்திவிட்டுச் செருப்பு வைக்கும் இடத்திலேயே நின்றுகொண்டார். அவருக்கு இதில் பங்கு வேண்டாமாம். நானும் மச்சாளும் தட்டோடு வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்தது.

"பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ," என்றார் ஐயர்.

மச்சாள் அந்த நீளமான ஜேர்மன் பெயரைத் தெளிவாகச் சொன்னார். ஐயர் காதைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவந்தார். மச்சாள் மறுபடி சொன்னார்.

"மருமகனோ?"

"இல்லை ஐயா. பயிற்சியாளர். நட்சத்திரம் பூராடம்."

"கோத்திரம்?"

"அது தெரியாது ஐயா. கத்தோலிக்கர்."

ஐயர் ஒரு கணம் யோசித்தார். பின்னால் வரிசை நீண்டிருந்தது. "சரி, சிவகோத்திரம் எண்டு சொல்லுவம்," என்று உள்ளே போனார். மந்திரத்தின் நடுவில் அந்தப் பெயர் வந்த இடத்தில் அவர் ஒரு தடவை தடுக்கினார். இரண்டாம் தடவை ஓரளவு வந்தது. மூன்றாம் தடவை அது சமஸ்கிருதமாகவே ஆகிவிட்டது. நான் சிரிப்பை அடக்க மூலஸ்தானத்தை விட்டு வேறு பக்கம் பார்க்க வேண்டியிருந்தது. மச்சாள் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

செவ்வாய்க்கிழமை பயிற்சியாளரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து இன்னொரு செய்தி வந்தது. அந்தப் பயிற்சியாளருக்கு ஸ்பெயினில், வெயிலும் கடலும் உள்ள ஊரில், எங்களுடையதைவிடப் பெரிய கழகத்தில் வேலை கிடைத்திருந்தது. செய்தியோடு வந்த படத்தில் அவர் சூரிய ஒளியில் கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டு நின்றார். மச்சாள் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"ஐயர் பேரைச் சரியாத்தான் சொல்லியிருக்கிறார்," என்றார்.

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். உண்மையைச் சொன்னால், அதுவரை நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்ததில்லை. கணவரின் அக்கா என்ற உறவுக்கு உரிய மரியாதையோடும், என் குசினியில் என் கறிச்சட்டியை எடுத்து இடம் மாற்றி வைக்கும் ஒருவரிடம் வரக்கூடிய எரிச்சலோடும்தான் நான் இருந்தேன்.

அன்று அவர் கதை சொன்னார். முதன்முதலில் ஜேர்மனிக்குப் போய் இறங்கியபோது அவர்களை அகதி விடுதி ஒன்றில் வைத்திருந்தார்களாம். அது மைதானத்துக்கு நேர் பின்னால். ஊரை விட்டு வெளியே போக அனுமதியில்லை, வேலை செய்ய அனுமதியில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மதிலுக்கு அப்பால் ஆயிரக்கணக்கானவர்கள் கத்துவார்கள். முதல் தடவை கேட்டபோது, எங்கள் நாட்டுப் போரில் கேட்ட சத்தங்களின் பயத்தில் மச்சாள் கட்டிலுக்குக் கீழே போய்விட்டாராம்.

"பிறகு பாத்தா, ஆட்டம் முடியக் கொஞ்சம் முந்திக் கதவைத் திறந்து விடுவினம், சனம் வெளியிலை போறதுக்கு. நாங்கள் அதுக்குள்ளாலை உள்ளுக்குப் போவம். ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. அந்த ஊரிலை கடதாசி கேக்காமல் எங்களை உள்ளுக்கு விட்ட ஒரே இடம் அதுதான். அத்தான் சொல்லுவார், முதல் இரண்டு வருசமும் நாங்கள் ஒரு ஆட்டத்தின்ரையும் தொடக்கத்தைப் பாக்கேல்லை எண்டு. எல்லாக் கோலும் விழுந்த பிறகுதான் போவம்."

அத்தான், அவருடைய கணவர், இறந்து சில வருடங்கள் ஆகின்றன. இருவரும் நின்ற அதே இடத்தில்தான் மச்சாள் இப்போதும் நிற்கிறார். பக்கத்தில் நிற்பவர்கள் அத்தானின் இடத்தைக் கொஞ்சம் இடைவெளியாகவே விட்டிருக்கிறார்களாம்.

"மழை நாளிலை அந்த இடத்திலை குடையை வைப்பன்," என்றார் மச்சாள்.

புதிய பயிற்சியாளர் வந்தார். வெள்ளைச் சப்பாத்து, ஒட்டிய காற்சட்டை, என் மகளின் கணித ஆசிரியரைவிட இளமை. மச்சாளுக்கு அவரைப் பிடிக்கவில்லை. ஆனால் தை மாதம் நாங்கள் வென்றோம். மாசியில் இரண்டு தடவை சமநிலை எடுத்தோம். "நாங்கள்" என்று நான் சொல்லத் தொடங்கியது எப்போது என்று எனக்குத் தெரியாது. பல் வைத்தியசாலையில் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். ஒரு திங்கட்கிழமை, வாடிக்கையாக வரும் கிழவர் ஒருவர் வார இறுதி எப்படிப் போனது என்று கேட்டார். எங்கள் இடதுபக்கப் பின்வரிசைக்காரனுக்கு முழங்காலில் காயம், மாற்று ஆளும் சரியில்லை, பங்குனியைத் தாண்டுவது கஷ்டம் என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். அவர் பல் வலியில் கன்னத்தைக் கையால் பிடித்தபடி முழுவதையும் கேட்டார்.

கடைசி ஆட்டம் வைகாசியில் வந்தது. எதிரில் பக்கத்து வீட்டுக்காரரின் பெரிய கழகம். அவர்கள் ஏற்கெனவே கிண்ணத்தை வென்றுவிட்டார்கள். எங்களுக்கு ஒரு சமநிலை கிடைத்தால் கடைசியிலிருந்து மூன்றாம் இடம். தோற்றால் நேரே கீழே. பக்கத்து வீட்டுக்காரர் அன்று மட்டும் இரவு பார்க்கமாட்டேன், எங்களோடு காலையில் பார்க்கிறேன் என்று தானாகவே சொன்னார். கைப்பேசியை எங்கள் அரிசி வாளியில் போட முந்திய மாலையே கொண்டுவந்து தந்தார். காலையில் ஒரு பாத்திரம் கேசரியோடு வந்தார்.

ஆட்டம் தொடங்கியது. கொஞ்ச நேரத்திலேயே ஒரு கோல் வாங்கினோம். இடைவேளையில், என் மகள் தேநீர் கொண்டுவந்தாள்.

இதை எப்படி விளக்குவது? என் மகள் அதற்கு முன் யாருக்கும் தேநீர் போட்டதில்லை. எங்கள் வீட்டில் தேயிலை எந்தத் தட்டில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. கோப்பையை மாமியின் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தோளில் கையும் வைத்தாள்.

"மாமி, டூ யூ வோன்ட் எ பிஸ்கட்?"

மச்சாள் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முந்திய இரவு அவள் சிநேகிதி வீட்டில் தங்கி, காலையில்தான் வந்திருந்தாள். அங்கே அரிசி வாளி கிடையாது.

"பிள்ளைக்குத் தெரியும்," என்றார் மச்சாள் மெதுவாக. "முடிஞ்சுது."

இரண்டாம் பாதியை இறுதிச் சடங்குபோல் பார்த்தோம். பக்கத்து வீட்டுக்காரர் கேசரியைப் பரிமாறினார். "அடுத்த வருஷம் திரும்ப வந்துடுவீங்க அக்கா," என்றார். மச்சாள் தலையாட்டினார். என் கணவர் தன் அக்காவுக்குப் பக்கத்தில் போய் இருந்தார். ஆட்டம் முடிய இன்னும் ஓரிரு நிமிடம் இருக்கும்போது அவர் தொலைக்காட்சியை நிறுத்தக் கையை நீட்டினார்.

"விடு தம்பி. முழுக்கப் பாக்கோணும்."

அப்போதுதான் அது நடந்தது. எங்கள் ஆள் ஒருவன் யாரையும் குறிவைக்காமல் பந்தை உள்ளே உதைத்தான். அது பெரிய கழகத்தின் பின்வரிசைக்காரன் ஒருவனின் முதுகில் பட்டு, அவன் திரும்பிப் பார்க்குமுன் கோலுக்குள் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரரின் கரண்டி வாய்க்குப் பாதி வழியில் நின்றது. மச்சாள் எழும்பினார், ஆனால் சத்தம் வரவில்லை. என் கணவர்தான் கத்தினார். பன்னிரண்டு வருடக் குடும்ப வாழ்வில் கிரிக்கெட்டுக்குக்கூட அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை என்று சொல்ல நினைத்தேன். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினேழு வருடம் என்பது பிறகுதான் நினைவு வந்தது. அவ்வளவு குழம்பிப்போயிருந்தேன்.

சமநிலை. எல்லாரும் அமைதியான பிறகு மச்சாள் என் மகளிடம் திரும்பினார்.

"அப்ப ஏன் பிள்ளை எனக்குத் தேத்தண்ணி தந்தனி?"

அவள் எழுந்து போய், துணி தோய்க்கும் அறையிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தாள். மச்சாளின் கம்பளிச் சால்வை. வெள்ளிக்கிழமை அதை வெந்நீரில் தோய்த்து, சூட்டில் உலர்த்தும் இயந்திரத்திலும் போட்டிருக்கிறாள். அது சுருங்கி, தடித்து, ஒரு குழந்தையின் கழுத்துக்குக்கூடப் போதாத அளவில் இருந்தது.

"ஐ வோஸ் ட்ரையிங் டு ஹெல்ப்," என்றாள். கண் கலங்கியிருந்தது.

மச்சாள் அதை வாங்கி விரித்துப் பார்த்தார். விரிக்க அதிகம் இல்லை.

"எப்ப சுருங்கினது?"

"ஃப்ரைடே."

"ஆட்டத்துக்கு முதல்," என்றார் மச்சாள் எங்களைப் பார்த்து. அவர் மனதில் கணக்கு ஓடியது தெரிந்தது. "அப்ப இதுதான் ராசி. இனி ஒருத்தரும் இதை இழுத்து நீட்டக்கூடாது." ஊசியால் அதைச் சேலையில் குத்திக்கொண்டார். பதக்கம்போல் தொங்கியது.

அந்தத் தப்பிப் பிழைக்கும் இரண்டு ஆட்டங்களில் முதலாவது எங்கள் மைதானத்தில் நடந்து, கோல் இல்லாமல் முடிந்தது. இரண்டாவது வெளியூரில். மச்சாளின் விமானம் திங்கள் இரவு. ஆட்டம் எங்களுக்குச் செவ்வாய் விடியற்காலை. அதாவது, அவர் எங்கேயோ வானத்தில் இருக்கும்போது கழகத்தின் கதி முடிவாகும்.

விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்து, "நீர் பாரும் எனக்காண்டி," என்றார். "இறங்கிப் போன் எடுப்பன். போட்டு வாறன்."

நானும் என் கணவரும் பக்கத்து வீட்டுக்காரரும் அதை நேரடியாகப் பார்த்தோம். தோற்றுவிட்டோம். ஒரே ஒரு கோல். பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து, எங்கள் கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். நான் இதை எப்படிச் சொல்வது என்று பகல் முழுக்க வசனம் தேடிக்கொண்டிருந்தேன்.

மச்சாள் பிராங்க்ஃபுர்ட்டிலிருந்து தொலைபேசி எடுத்தபோது, நான் வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார்.

"தெரியும். நீர் கஷ்டப்படாதையும்."

"ஆர் சொன்னது?"

"கடவுச்சீட்டுப் பாக்கிற பொடியன். புத்தகத்தைத் திறந்து என்ரை ஊர்ப் பேரைப் பாத்தான். பிறகு என்னை நிமிந்து பாத்து, ஆழ்ந்த அனுதாபம் எண்டான். என்ரை வீட்டிலை மேல்மாடியிலை இருக்கிற கிழவன்தான் போய்ச் சேர்ந்திட்டான் எண்டு நினைச்சுப்போட்டன். ஆர் செத்தது எண்டு கேட்டன். அவன் கோல் கணக்கைச் சொன்னான்."

"ஐயோ மச்சாள்."

"இல்லையப்பா, கேளும். நான் இந்த நாட்டுக்குள்ளை எத்தினை தரம் வந்து போயிருப்பன். முதல் வந்த நாள் அந்த மேசையிலை என்னை எவ்வளவு நேரம் வைச்சு விசாரிச்சவங்கள் தெரியுமே. அதே மேசையிலை ஒருத்தன் எழும்பி நிண்டு எனக்கு அனுதாபம் சொல்லுறான். நான் என்ன செய்யிறது எண்டு தெரியாமல் அவனுக்கு உம்மடை முறுக்கிலை கொஞ்சம் குடுத்தனான்."

"எடுத்தவனே?"

"எடுத்தவன். பின்னாலை வரிசை நிக்குது, அவன் முறுக்குச் சாப்பிடுறான்."

பிறகு அவரே எனக்கு ஆறுதல் சொன்னார். இரண்டாம் பிரிவு ஆட்டங்கள் அங்கே மத்தியானமே தொடங்கிவிடும், இனி நீங்கள் படுக்கப் போகுமுன்னமே பார்த்து முடிக்கலாம் என்றார். அதை நான் காலையிலேயே பார்த்து வைத்துவிட்டேன் என்று அவரிடம் சொல்லவில்லை.